‘மழை வாறான்’

கோயிலுக்குப் போனால் யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார். “ஏன் முருகேசு, நீ டிவிக்காரங்களோடயே இருந்தவன். நம்மாளுன்னா வாச்மேன், கடலை விக்கிறவன், வட்டிக்காரன். வேற ஒண்ணும் காட்ட மாட்டாங்களா? நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

“நான் மேக்கப் போடுறவன்தானேங்க” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். அது பாதிப் பதில். மீதிப் பதில் நீளமானது. வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே சொல்லி முடிக்கக்கூடியது அல்ல. இப்போது வேலையை விட்டாயிற்று. கை நடுங்குகிறது, புருவக்கோடு நேராக வருவதில்லை. வீட்டில் சும்மா இருக்கிறேன். அதனால் எழுதுகிறேன்.

நான் யாங்கோனில், அதாவது பழைய ரங்கூனில், பசுந்தாங் பகுதியில் பிறந்தவன். தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்தவர். அப்பாவுக்கு நகராட்சியில் வேலை. எனக்கு வீட்டில் முருகேசன், வெளியே கோ மியோ. இங்கே எங்களில் பலருக்கும் இப்படி இரண்டு பெயர் உண்டு. எண்பத்தெட்டில் ஆட்சியை எதிர்த்து ஊர் கலங்கியபோது சினிமாக் கொட்டகைகளுக்கு விளம்பரப் படம் எழுதும் பட்டறையில் இருந்தேன். பட்டறை மூடிப்போயிற்று. டிவி நாடகங்களுக்கு மேக்கப் போட்டுக்கொண்டிருந்த ஒரு சீனர், துணியில் முகம் வரைகிறவனுக்கு முகத்தின் மேல் வரையவும் வரும் என்று சேர்த்துக்கொண்டார். சில வருஷம் அவருக்குப் பஞ்சு கிழித்துக் கொடுத்தேன். அவர் மகளோடு இருக்க மாண்டலேக்குப் போனபோது பெட்டி என்னிடம் வந்தது. நான் தொழில் படித்தது அவ்வளவுதான்.

அந்தப் பெட்டியில் ஒரு கரிய டப்பா உண்டு. கலா வேஷத்துக்கென்று தனியாக வைத்திருந்தது. இந்தியர்களைப் பர்மியர்கள் ‘கலா’ என்பார்கள். சொல்லுகிற வாயைப் பொறுத்து அது வெறும் அடையாளமாகவும் இருக்கும், வசையாகவும் இருக்கும். நாடகத்தில் கலா வந்தால் அது பெரும்பாலும் சிரிப்புக்காகத்தான். நடிப்பவர் பர்மியராக இருப்பார். அவரைக் கறுப்பாக்க வேண்டும்.

வெறும் கறுப்பைப் பூசினால் வீடியோ விளக்கில் முகம் சாம்பல் பூத்து, நோயாளி மாதிரி தெரியும். விளக்குக் கரியைத் தேங்காயெண்ணெயில் குழைத்து, அதில் செங்காவி கொஞ்சம் சேர்க்க வேண்டும். முதலில் பிடரி, பிறகு காதின் பின்புறம், அப்புறம்தான் முகம். கண்ணுக்குக் கீழே மெல்லிசாக விட வேண்டும், இல்லாவிட்டால் முகபாவம் தெரியாது. கடைசியில் கை. அவசரக்காரர்கள் கையை மறந்துவிடுவார்கள். கறுத்த முகத்துக்கு வெளுத்த கை தேநீர்க் கோப்பையை எடுக்கும். நான் ஒரு நாளும் கையை மறந்ததில்லை. அந்த வேலையை நான் நன்றாகச் செய்தேன்.

நான் அதிகம் வேலை பார்த்தது சயா ஊ சான் மியாவிடம். ‘சயா’ என்றால் ஆசிரியர். இயக்குநரையும் அப்படித்தான் கூப்பிடுவோம். குரல் உயர்த்தாத மனிதர். படப்பிடிப்பில் எல்லாரும் கத்திக்கொண்டிருக்கும்போது அவர் மூக்குக்கண்ணாடியின் காலைப் பல்லில் தட்டியபடி உட்கார்ந்திருப்பார். வேலைக்காரர்கள் சாப்பிட்ட பிறகுதான் சாப்பிடுவார். ‘யா பா தே’ என்று அடிக்கடி சொல்வார். பரவாயில்லை, இருக்கட்டும் என்று பொருள். ஒரு தடவை சொன்னால் உண்மையாகவே பரவாயில்லை. இரண்டு தடவை சொன்னால் அவர் மனதில் வேறு முடிவு விழுந்துவிட்டது என்று பொருள். இது தெரியாத நடிகர்கள் அவரிடம் அதிக நாள் நீடித்ததில்லை.

ஒரு முறை உடைப் பிரிவுக்காரர்கள் கலா வேஷக்காரருக்குத் தலையில் முஸ்லிம் தொப்பி வைத்து, என்னிடம் நெற்றியில் மூன்று பட்டை திருநீறு போடச் சொன்னார்கள். போட்டுவிட்டுச் சயாவிடம் போனேன்.

“சயா, தொப்பி போடுறவங்க திருநீறு பூச மாட்டாங்க. பூசுறவங்க இந்தத் தொப்பி போட மாட்டாங்க. ரெண்டில ஒண்ணு வைக்கலாம்.”

அவர் அக்கறையாகத்தான் கேட்டார். “அப்படியா, கோ மியோ. எனக்குத் தெரியாதே. சரி, ரெண்டுல எது பார்க்க வேடிக்கையா இருக்கும்?”

திருநீற்றைத் துடைத்துவிட்டேன். தொப்பியோடு படம் பிடித்தார்கள். எங்கள் தெருவில் தையற்கடை வைத்திருந்த முஸ்லிம் நண்பர் அதைப் பார்த்துவிட்டு, சில நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சொன்னால் என்ன நடக்கும் என்று கேட்கிறவர்களுக்கு இதுவும் ஒரு பதில்தான்.

இனி தனலட்சுமி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இரண்டாயிரம் கழிந்து சில வருஷம் ஆகியிருக்கும். ஒரு சிற்றூரின் கதையைத் தொடராக எடுக்கச் சயா ஆரம்பித்தார். ஆறு, படகுத்துறை, தேநீர்க்கடை, ஆற்றின் நடுவே பகோடா. அதற்குக் கியாக்தானைத் தேர்ந்தெடுத்தார். யாங்கோனிலிருந்து பஸ்ஸில் போய் வரலாம். கதையில் எல்லா வகை மனிதர்களும் இருந்தார்கள். மேலிடத்தில் கதையை அனுமதிப்பவர்களுக்கு அது பிடிக்கும்; ஒற்றுமை தெரிய வேண்டும் என்பார்கள். அதில் கதாநாயகனின் சிநேகிதனுக்குத் தாயாக ஒரு கலா அம்மா. சின்ன வேஷம். நடிக்க வேண்டிய அம்மாள் யாங்கோனில் காய்ச்சலில் படுத்துவிட்டார். மழைக்காலம் வேறு, ஆள் மாற்ற நேரமில்லை. சயா படகுத்துறையில் நடந்துகொண்டிருந்தவர், பூக்கடை முன்னால் நின்றுவிட்டார்.

“கோ மியோ, அந்த அம்மா உங்க ஆளுதானே? கேட்டுப் பாரு.”

அது தனலட்சுமி அக்கா. பகோடாவுக்குப் படகேறுகிறவர்களுக்குப் பூச்சரமும், ஆற்று மீனுக்குப் போடும் பொரியுருண்டையும் விற்பார். வெள்ளிக்கிழமைகளில் அதே பூவை ஊரிலிருக்கும் சின்ன மாரியம்மன் கோயிலுக்குக் கொடுப்பார். ஐம்பது வயதைத் தாண்டியவர். கணவர் இல்லை. ஒரே மகள், மீனா. ஊரில் அக்காவுக்கு டோ தான் யீ என்று பெயர்; ‘டோ’ என்பது வயதான பெண்களுக்கு முன்னால் வைக்கும் மரியாதைச் சொல். எல்லாப் பர்மியப் பெண்களையும் போலக் கன்னத்தில் தனக்கா மரப்பட்டையைச் சந்தனம் போல அரைத்துப் பூசி, லுங்கி கட்டி, பூக்கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்.

நான் தமிழில் பேச்சை ஆரம்பித்தேன். அவர் பாதியிலேயே பர்மியத்துக்குத் தாவினார்.

“தம்பி, கோவிச்சுக்காதீங்க. தமிழ் எனக்குக் கோயிலுக்கு மட்டுந்தான் வரும். பேச ஆரம்பிச்சா நாக்கு தடுக்குது.”

அவருடைய பர்மியத்தைக் கேட்டதும் எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. அவ்வளவு தெளிவு. பகோடாவுக்கு வரும் வயதான பர்மியப் பெண்களிடம் பேசுகிற மரியாதை வேறு, படகுக்காரனிடம் பேசுகிற உரிமை வேறு; இரண்டும் ஒரே மூச்சில் வந்தன. யாங்கோன் நடிகைகளில் பாதிப் பேருக்கு அப்படி வராது.

நடிக்க உடனே ஒத்துக்கொண்டார். ஏன் என்று அன்றைக்கே சொன்னார். மீனாவுக்கு அடையாள அட்டை எடுக்க அலைந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொரு தடவையும், நீங்கள் எங்கிருந்து வந்தவர்கள் என்று கேள்வி. “இந்தத் தெருவிலிருந்துதான்னு சொல்றேன். சிரிக்கிறாங்க. எங்கம்மா பிறந்ததும் இங்கதான். டிவியில இந்த ஊர்க்காரின்னு காட்டினா, அப்புறம் யாரு தம்பி கேப்பா?”

மறுநாள் காலை படகுத்துறை மண்டபத்தில் கண்ணாடி வைத்து அவரை உட்கார வைத்தேன். முதலில் தனக்காவைத் துடைக்க வேண்டியிருந்தது. டிவியில் கலா அம்மா தனக்கா பூசியிருக்க மாட்டாள்.

“ஏன் தம்பி? நான் சின்னப் பிள்ளையிலிருந்து பூசுறேனே.”

“கதையில அப்படி, அக்கா.”

உடைக்காரர்கள் நைலான் புடவை ஒன்று கொடுத்திருந்தார்கள். அவர் திருவிழாவுக்கு மட்டும் புடவை கட்டுகிறவர். பெரிய பொட்டு வைக்கச் சொல்லியிருந்தார்கள், வைத்தேன். உதவி இயக்குநர் எட்டிப் பார்த்து, “இன்னும் கொஞ்சம் கறுப்பு, சயா சொன்னார்” என்றான். அக்கா நல்ல மாநிறம். நான் டப்பாவைத் திறந்தேன். பிடரி, காது, முகம், கை. மெல்லிசாக ஒரே பூச்சு. அவர் கண்ணாடியில் பார்த்தார்.

“எங்க பெரியம்மா மாதிரி இருக்கேன். அவங்க வயல்ல வேலை செஞ்சவங்க.” சிரித்தார். பிறகு, “இது கழுவினா போயிடுமில்ல?” என்றார்.

“போயிடும் அக்கா. தேங்காயெண்ணெய் போட்டுத் துடைச்சா உடனே போயிடும்.”

“அப்ப சரி.”

முதல் காட்சி எளிமையானது. மகன் படகேறப் போகிறான். தாய், மழை வருது மகனே, குடையை எடுத்துட்டுப் போ என்று சொல்ல வேண்டும். அக்கா சொன்னார். சொன்ன விதத்தில் உண்மையான ஒரு தாய் இருந்தாள். ஒளிப்பதிவாளர் கண்ணைக் கருவியிலிருந்து எடுத்து அவரைப் பார்த்தார்.

சயா மெதுவாக எழுந்து போய் அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். “யா பா தே, அம்மா. ரொம்ப நல்லா இருக்கு. ஆனா வசனத்தில இருக்கிற மாதிரி சொல்லணும்.”

வசனம் சிதைந்த பர்மியத்தில் எழுதப்பட்டிருந்தது. தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி இருக்கும்: ‘மழை வாறான் மகன். குடை நீ தூக்கு, போ.’ அக்காவுக்கு முதலில் விளங்கவில்லை. எழுத்துப் பிழை என்று நினைத்துத் தாமே திருத்திப் பேசியிருந்தார். விளக்கிச் சொன்னதும் முயன்று பார்த்தார். வாய் போகவில்லை. ‘மழை’ என்று தொடங்கினால் மீதி தானாகச் சரியாக வந்து விழுந்தது. ஒரு தடவை பாதி தவறாகச் சொல்லிவிட்டுச் சிரித்துவிட்டார். குழுவினரும் சிரித்தார்கள். திரும்பத் திரும்ப எடுத்தார்கள். மழை நிஜமாகவே தூற ஆரம்பித்தது.

கடைசியில் அக்கா எழுந்து நின்றார். கோபமில்லை. களைத்துப்போயிருந்தார்.

“சயா, எனக்குத் தமிழ் சரியா வராது. நான் பேசுறது இந்தப் பாஷைதான். இதையும் தப்பாப் பேசுன்னா, நான் எதுலதான் பேசுறது?”

துறையில் படகுகள் ஒன்றோடொன்று இடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. சயா மூக்குக்கண்ணாடியின் காலைப் பல்லில் தட்டினார்.

“யா பா தே, யா பா தே. உங்க இஷ்டப்படி சொல்லுங்க.”

அக்காவின் முகம் மலர்ந்தது. அவர் பங்குக் காட்சிகளை எல்லாம் அவர் பேச்சிலேயே எடுத்தார்கள். ஊர்க்காரர்கள் கரையில் நின்று பார்த்தார்கள். நான் மண்டபத்துத் தூணோடு சாய்ந்து நின்றேன். சயா இரண்டு தடவை சொன்னது எனக்குக் கேட்டிருந்தது.

யாங்கோன் திரும்பிய பிறகு என்னை டப்பிங் அறைக்குக் கூப்பிட்டனுப்பினார்கள். மேக்கப்காரனுக்கு அங்கே என்ன வேலை என்று யோசித்தபடி போனேன். சயா இருந்தார். குரல் கொடுக்கும் ஒரு பர்மிய அம்மாள் இருந்தார். திரையில் அக்கா குடையோடு அசையாமல் நின்றார்.

“கோ மியோ, கலாப் பேச்சு எப்படி இருக்கும்னு இந்தம்மாவுக்குக் கொஞ்சம் சொல்லிக் குடு.”

“எனக்குத் தெரியாது சயா.”

“நீ கலா இல்லையா?” அவமதிக்கும் குரலே இல்லை. எனக்குத் தாகமாக இருக்கிறதா என்று கேட்பது போலத்தான் கேட்டார்.

“ஆமா சயா. பசுந்தாங் கலா. எங்க தெருவில யாரும் அப்படிப் பேசுறதில்ல.”

“உங்க தாத்தா?”

தாத்தா அப்படித்தான் பேசினார். துறைமுகத்தில் கற்ற பர்மியம். தவறாகப் பேசியே அரிசி வாங்கினார், சண்டை போட்டார், பர்மிய நண்பர்களைச் சம்பாதித்தார். அவர் செத்தபோது அவர்களும் பாடை தூக்கினார்கள். இதையெல்லாம் அங்கே சொல்ல எனக்கு மனமில்லை.

“தாத்தா பேசினார் சயா. அவர் கப்பல்ல வந்தவர். திரையில நிக்கிற அந்தம்மா கியாக்தான்ல பிறந்தவங்க. அவங்க வாயில அதை வைக்க நான் சொல்லித் தர மாட்டேன்.”

அந்த அறையில் நான் அதுவரை அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. சயா என்னையே பார்த்தார். “யா பா தே, யா பா தே” என்றார். நான் வெளியே வந்தேன். கதவு சாத்துவதற்குள் குரல் கொடுக்கும் அம்மாள் ஆரம்பித்துவிட்டார். ‘மழை வாறான் மகன்.’ அவருக்கு யாரும் சொல்லித் தரத் தேவையிருக்கவில்லை. டிவியைப் பார்த்தே கற்றுக்கொண்டிருந்தார். நான் கறுப்புப் பூசி அனுப்பிய வேஷக்காரர்களிடமிருந்துதான் கற்றிருப்பார்.

அதற்குப் பிறகு ரொம்ப நாள் என்னை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. திட்டவில்லை, நீக்கவில்லை. கூப்பிடவில்லை, அவ்வளவுதான். கல்யாணங்களுக்கு மேக்கப் போட்டுக் காலம் தள்ளினேன்.

ஒளிபரப்பாகும் அன்று பகல் பஸ்ஸில் கியாக்தானுக்குப் போனேன். அக்காவுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும் என்று தோன்றியது. அவர் பூத் தொடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்துத் தேநீர்க்கடையில் டோ ஓன், அவருடைய சிநேகிதி, டிவியைத் தெருப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். ஊரே பார்க்கப் போகிறது.

நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் விரல்கள் நிற்கவில்லை.

“குரலை மாத்திட்டாங்களா?”

“ஆமா அக்கா.”

“மூஞ்சி இருக்கா?”

“இருக்கு.”

“என் மூஞ்சி, வேற ஒருத்தி பேச்சு.” ஒரு சரத்தை முடித்து வாழை இலையில் வைத்தார். “நீங்க ஏன் இதுக்காக இவ்வளவு தூரம் வந்தீங்க? சாப்பிட்டீங்களா?”

சாயங்காலம் எல்லாரும் கூடினார்கள். பெஞ்சு போதாமல் பலர் தெருவில் நின்றார்கள். ஊர் திரையில் வந்ததும் கைதட்டினார்கள். அக்கா வந்ததும் இன்னும் பலமாகத் தட்டினார்கள். பிறகு குரல் வந்தது. அப்புறம் யாரோ சிரித்தார்கள், அதைத் தொடர்ந்து எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தோடு சிரித்ததாக நான் சொல்ல மாட்டேன். டிவியில் கலா பேசினால் சிரிக்க வேண்டும் என்று அவர்களுக்குப் பழகியிருந்தது.

டோ ஓன் மட்டும் சிரிக்கவில்லை. “இது உன் குரல் இல்லையே” என்றார்.

அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “அன்னிக்குத் தொண்டை கட்டியிருந்தது” என்றார்.

மீனா அம்மாவின் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். எழுந்து வீட்டுக்குள் போய்விட்டாள்.

அந்த வாக்கியம் ஊரைப் பிடித்துக்கொண்டது. அக்கா தலையில் கூடையோடு சந்தைக்குப் போனால் பிள்ளைகள் பின்னாலிருந்து ‘மழை வாறான்’ என்று கத்துவார்கள். பிறந்ததிலிருந்து அவர் கண்ணெதிரே வளர்ந்த பிள்ளைகள். படகுக்காரர்கள் வெயில் நாளிலும் சொல்லிச் சிரித்தார்கள். அட்டை அலுவலகத்தில் குமாஸ்தா, “வாங்க, மழை வாறானா?” என்று கேட்டாராம். அங்கிருந்தவர்கள் சிரித்தார்களாம். “நானும் சிரிச்சேன் தம்பி, காரியம் ஆகணுமே” என்றார் அக்கா. காரியம் அன்றைக்கு ஆகவில்லை. மீனாவுக்கு அட்டை கிடைத்தது பிறகு ரொம்ப நாள் கழித்து, வேறொரு அதிகாரி வந்த பின்னால்.

நான் அவ்வப்போது போய்ப் பார்த்துவிட்டு வருவேன். போனால் அவர்தான் எனக்கு ஆறுதல் சொல்வார்.

தொடர் நன்றாக ஓடியது. எல்லாரையும் விட கலா அம்மாவைத்தான் சனங்களுக்குப் பிடித்திருந்தது. இரண்டாம் பாகம் எடுப்பதென்று முடிவானதும் சயா எனக்கு ஆள் அனுப்பினார். நடந்தது எதையும் பேசவில்லை. “பெட்டியை எடுத்துக்கிட்டு வா. அந்தம்மாகிட்ட நானே வந்து கேக்கறேன், நீயும் கூட இரு” என்றார். வீட்டில் நிலைமை சரியாக இல்லை. போனேன்.

அக்கா எங்களுக்கு முக்காலி போட்டார். டோ ஓன் கடையிலிருந்து பால் தேநீர் வந்தது. சயா, வயதில் மூத்தவர், கைகூப்பிக் கேட்டார். இந்தத் தடவை வேஷம் பெரிது, காட்சிகள் அதிகம், சனங்கள் கேட்கிறார்கள் என்றார்.

அக்கா கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு பேசினார். ‘சயா வாறான். நல்லது சயா. நான் வேஷம் கட்டு இல்லே. பூ நிறைய கிடக்கு, யார் தொடுக்கு? சயா தேநீர் குடி, போ.’ தொனியும் இழுப்பும் வார்த்தை முறிகிற இடமும் அப்படியே அந்த டப்பிங் அம்மாளுடையவை. ஒரு பிசிறு இல்லை. சயா முதலில் வாய்விட்டுச் சிரித்தார். ரசித்துத்தான் சிரித்தார். அக்கா சிரிக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சயாவின் சிரிப்பு தானாக அடங்கியது.

அக்கா தம்முடைய பேச்சுக்குத் திரும்பினார்.

“அன்னிக்கு எனக்கு வரல சயா. இப்ப நல்லா வருது. தெருவில பிள்ளைங்க தினமும் சொல்லிக் குடுக்குறாங்க. ஆனா நடிக்க வரமாட்டேன். மன்னிச்சுக்கங்க.”

சயா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். பல்லில் தட்டவில்லை, கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

“யா பா தே” என்றார். ஒரே தடவை.

திரும்பும் காரில், யாங்கோன் நெருங்கும்போது சயா சொன்னார்: “அந்தம்மாவைக் கேவலப்படுத்தணும்னு நான் செய்யல, கோ மியோ. கலா சுத்தமாப் பேசினா பார்க்கிறவங்க நம்ப மாட்டாங்க. அனுமதிக்கிறவங்களும் இது ஏன்னு கேப்பாங்க. நான் தொடரை முடிக்கணும்.”

“தெரியும் சயா.”

உண்மையாகவே தெரியும். அவரை நான் வெறுக்கவில்லை. வெறுத்திருந்தால் அந்த வேலையை விட்டுப் போவது சுலபமாக இருந்திருக்கும். இரண்டாம் பாகத்தில் கலா அம்மா இந்தியாவிலிருக்கும் உறவினரைப் பார்க்கப் போய்விட்டாள் என்று ஒரே வரியில் முடித்தார்கள். கியாக்தானில் பிறந்த கதாபாத்திரம் எந்த ஊருக்குப் போயிருப்பாள் என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. நானும் கேட்கவில்லை. பிறகும் பல வருஷம் மேக்கப் போட்டேன். கலா வேஷம் வந்தால் அந்த ஒரு முகத்தை மட்டும் வேறு ஆளை வைத்துப் பூசிக்கொள்ளச் சொல்வேன். சிலர் சரி என்றார்கள், சிலர் அடுத்த தடவை கூப்பிடவில்லை. வேஷம் நிற்கவில்லை. வேறு கை பூசியது.

நான் வேலையை விடுவதற்குக் கொஞ்சம் முன்னால் மீனாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீட்டார் யாங்கோன் தமிழர்கள், கடை வைத்திருப்பவர்கள். அக்கா பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கே வந்து வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தார். “மேக்கப் நீங்கதான் தம்பி” என்றார்.

கல்யாணத்தன்று காலை மீனாவைக் கண்ணாடி முன் உட்கார வைத்தேன். அம்மாவின் நிறம், அம்மாவின் கண். அவளுக்கு ஏற்ற நிறத்தைக் குழைத்து வைத்திருந்தேன். அக்கா உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

“தம்பி, கொஞ்சம் வெளுப்பாப் போடுங்க.”

நான் பஞ்சைக் கீழே வைத்தேன்.

“நீங்க என்ன நெனைக்கிறீங்கன்னு தெரியும்” என்றார். “பொண்ணு பார்க்க வந்தப்பவே மாப்பிள்ளையோட அத்தை ஒரு மாதிரி சொன்னாங்க. நம்மாளுங்கதான். இன்னிக்கு ஒருநாள் யாரும் ஒண்ணும் சொல்லாம இருக்கட்டும். கழுவினா போயிடுமில்ல?”

“போயிடும் அக்கா.”

மீனா கண்ணாடியில் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “போடுங்க மாமா, பரவாயில்ல” என்றாள். குழைத்ததை ஒதுக்கிவிட்டு வேறு குழைத்தேன். பிடரி, காதின் பின்புறம், முகம், கடைசியில் கை. வேலை எல்லாம் ஒன்றுதான், டப்பாதான் வேறு. முடித்தபோது நாற்காலியில் வெளுப்பான ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அழகாகத்தான் இருந்தாள்.

தாலி கட்டி முடிந்ததும் தாயையும் மகளையும் சேர்த்துப் படம் எடுக்க நிறுத்தினார்கள். போட்டோக்காரர் கருவியில் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். இரண்டு முகமும் ஒன்றாக விழவில்லை, வெளிச்சம் சரியாக வராது என்றார். அம்மாவுக்கும் கொஞ்சம் பவுடர் போடச் சொல்லி என்னைப் பார்த்தார். நான் பஞ்சோடு ஓரடி வைத்தேன்.

அக்கா என் கையைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

“எனக்கு வேண்டாம் தம்பி. எடுக்கச் சொல்லுங்க” என்றார், மகளின் கையைப் பிடித்துக்கொண்டு.